நிரம்பிய குளத்தில் கண்ணாடிக் கெண்டை

அன்னூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் தண்ணீர்ப் பேச்சுதான். எந்தக் குளத்துக்கு வந்தது, எதற்கு இன்னும் வரவில்லை, எந்த ஊர்க் குட்டையில் குழாய் அடைத்துக் கிடக்கிறது, யாருடைய கிணற்றில் எத்தனை அடி ஏறியிருக்கிறது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகை மட்டுமே வந்த காடுகளில் இந்தப் பேச்சு நியாயமானது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குரல் கொடுத்த பூமி இது. எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மு.க.ஸ்டாலின் முதல்வராக இருந்தபோது 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைத்தார்கள். ரூ.1,916 கோடி செலவு. ஆறு நீரேற்று நிலையங்கள். அதில் ஆறாவது அன்னூரில். காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வீணாகப் போகும் பவானி உபரிநீரில் ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி.யை எடுத்து ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திட்டத்தின் பெருமை யாருக்கு என்ற சண்டையை இரண்டு கட்சிகளும் பார்த்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் வந்த பிறகு குளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் பேசக் காணோம். பேசினாலும் சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை, சாக்கடை, ஆக்கிரமிப்பு என்ற நான்கோடு நின்றுவிடுகிறோம். நான்கும் உண்மையான தொல்லைகள். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது தண்ணீருக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. நாமே காசு கொடுத்து வாங்கி விடுவதால் அதைத் தொல்லை என்றும் நினைப்பதில்லை. மீன்.

குளம் நிறைந்தால் அடுத்து மீன்பாசி ஏலம். யார் அதிகத் தொகை கேட்கிறாரோ அவருக்குக் குளம். எந்த மீனை விடுகிறார், எத்தனை குஞ்சு விடுகிறார், என்ன தீனி போடுகிறார் என்பதெல்லாம் பெரும்பாலும் குத்தகைக்காரர் பாடு. ஊராட்சிக்கு அது ஒரு வரவு, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அந்த ஏலத்தில் விற்பது மீனை மட்டுமல்ல, தண்ணீரின் தெளிவையும் சேர்த்துத்தான்.

மீன்கடையில் கட்லா, ரோகு, மிர்காலுக்குப் பக்கத்தில் உடல் பருத்து, மஞ்சள் ஓடிய நிறத்தில், வாயோரம் குட்டி மீசையோடு கிடப்பது சாதாக் கெண்டை. சைப்ரினஸ் கார்ப்பியோ என்பது அறிவியல் பெயர். அதிலேயே ஒரு வகைக்கு உடலெங்கும் செதில் இராது. அங்கங்கே மட்டும் பெரிய செதில்கள் பளபளக்கும். அதைக் கண்ணாடிக் கெண்டை என்பார்கள். பல ஊர்களில் இரண்டுக்குமே அந்தப் பெயர்தான். இந்தியாவில் அது முதலில் இறங்கிய இடம் நமக்கு மேலே இருக்கும் நீலகிரி. 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து மலைநீரில் விட்டார்கள். குளிர்ந்த நீரில் வளர்ந்த அந்த ஜெர்மானிய வகை சமவெளிக்கு அவ்வளவாகச் சரிப்படவில்லை. 1957-ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை வந்தது. அதுதான் வெதுவெதுப்பான நம் குளங்களில் வீட்டு மீனாகிவிட்டது. 1952-ல் ஜிலேபி என்று நாம் அழைக்கும் திலேப்பியா, 1959-ல் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

உதகை ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் காமராஜ் சாகர் வழியாக மாயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்கு வருகிறது. பவானிசாகரைத் தாண்டி வரும் ஆற்றிலிருந்துதான் அன்னூருக்கு நீரேற்றுகிறோம். மலையில் விட்ட மீன் நீந்தியே அன்னூர் வந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. குஞ்சுகள் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில், லாரியில்தான் ஊர் ஊராகப் போயின. ஆனாலும் 1939-ல் மேல்மடையில் எடுத்த ஒரு முடிவின் கடைமடையில் இன்று நாம் இருக்கிறோம்.

அன்று அதைக் கொண்டுவந்தவர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமில்லை. நாட்டில் பசி இருந்தது. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தேங்கிய நீரில் முட்டையிடாது. ஓடும் ஆற்றில் வெள்ளம் வரும்போதுதான் இடும். ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் ஹார்மோன் ஊசி போட்டு அவற்றை முட்டையிட வைத்தது 1957 ஜூலை 10 அன்றுதான். அதன் நினைவாகவே ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் குஞ்சுக்கு ஆற்றைத்தான் நம்பியிருக்க வேண்டும். சாதாக் கெண்டை அப்படியல்ல. எந்தக் குட்டையிலும், எந்தப் புல்லிலும் முட்டையை ஒட்டிவிடும். ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். எளிதில் சாகாது, கண்டதைத் தின்னும், சீக்கிரம் எடை வைக்கும். மீன்துறை அதிகாரி கண்ணுக்கு இவையெல்லாம் வரம். குளத்தின் பக்கம் நின்று பார்த்தால் இதே குணங்கள்தான் வினை.

அது இரை தேடும் விதத்தில் இருக்கிறது விஷயம். உதட்டைக் குழாயாக நீட்டிச் சேற்றை வாய் கொள்ள உறிஞ்சும்; உள்ளே இருக்கும் புழுவையும் விதையையும் பிரித்து எடுத்துக்கொண்டு மண்ணைத் துப்பிவிடும். பகலெல்லாம் இதே வேலை. ஒரு மீன் செய்தால் ஒன்றுமில்லை. ஆயிரம் மீன் செய்தால் இடுப்பளவு தண்ணீருள்ள குளத்தில் வண்டல் தரையில் படியவே முடியாது. வண்டலில் பல காலமாகச் சேர்ந்து கிடக்கும் பாஸ்பரஸ் தண்ணீருக்குள் ஏறும். மீனின் கழிவு வழியாக இன்னும் கொஞ்சம் ஏறும். வேர்விட்டு நிற்கும் வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்கள் பிடுங்கப்பட்டு மிதக்கும். கலங்கலில் வெயில் இறங்காததால் புதிய செடியும் முளைக்காது. செடி போனால் சேற்றைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. காற்றடித்தாலே குளம் கலங்கும். மிச்சமிருக்கும் உரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பாசிக்குப் போகும். அப்புறம் குளம் பட்டாணிச் சாறு நிறத்தில் நாற்றமடிக்கும்.

ஆழமில்லாத ஏரிக்கு இரண்டு நிலைகள் உண்டு என்று நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபர் முதலிய ஆய்வாளர்கள் 1990-களில் விளக்கினார்கள். ஒன்று, செடி நிறைந்த தெளிந்த நிலை; மற்றொன்று, பாசி நிறைந்த கலங்கிய நிலை. இடையில் நிற்பது அரிது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்த நிலையே தன்னைக் காத்துக்கொள்ளும். சேற்றைக் கிளறும் மீன் குளத்தைக் கலங்கலின் பக்கம் தள்ளும் பெரிய கை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மீட்டெடுத்த ஏரி ஒன்றில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் பார்த்தது: ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோவுக்கு மேல் சாதாக் கெண்டை சேர்ந்ததும் நீர்த்தாவரங்கள் சரசரவென்று குறைந்தன. அந்த 100 கிலோவை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். கூட்டு மீன் வளர்ப்பில் ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 5,000 குஞ்சு விடுவது வழக்கமான அளவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு சாதாக் கெண்டை என்று வைத்தால் 1,000. பாதி பிழைத்து, அரைக் கிலோ எடைக்கு வந்தாலே 250 கிலோ.

விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் விங்ரா என்றொரு சிறிய ஏரி. அங்கே ஆய்வாளர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஏரியின் ஓர் ஓரத்தில் ஒரு ஹெக்டேர் பரப்பைப் பிளாஸ்டிக் திரையால் அடைத்து உள்ளே கெண்டையே இல்லாமல் செய்தார்கள். உள்ளே தண்ணீர் தெளிந்தது. வெளியே அதே கலங்கல். கரையில் நின்ற எவருக்கும் வித்தியாசம் தெரிந்தது. அதன் பிறகுதான் 2008 மார்ச்சில் பனிக்கட்டிக்கு அடியில் வலை இழுத்து 20 டன்னுக்கும் மேல் கெண்டையை வெளியேற்றினார்கள். ஏரி தெளிந்து, செடிகள் முன்னைவிட ஆழத்தில் முளைத்தன.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் சோரெல், கிரசென்ட் என்று அடுத்தடுத்த இரண்டு ஏரிகளில் 1995-ல் கெண்டையைக் கண்டார்கள். ஏரி வாயில்களில் சல்லடை அடைத்தார்கள். ஆண் மீன்களுக்கு ரேடியோ கருவி பொருத்தி விட்டு, அவை எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்கின்றன என்று பார்த்து அந்தக் கூட்டத்தையே வலைபோட்டார்கள். கிரசென்ட்டில் கடைசிக் கெண்டை 2007-ல் பிடிபட்டது. சோரெல்லில் இன்னும் பல ஆண்டுகள் இழுத்தது. அதே ஆஸ்திரேலியா பெரிய ஆறுகளில் கெண்டையைக் கொல்ல ஹெர்பிஸ் வைரஸை விடலாமா என்று 2016 முதல் ஆராய்ந்துவருகிறது. நமக்கு அந்த வழி ஆகவே ஆகாது. அங்கே யாரும் சீண்டாத மீன் இங்கே பலர் வீட்டுக் குழம்பு.

அன்னூர் மேடிசன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெண்டையை எடுத்துவிட்டால் குளம் கண்ணாடியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். சாக்கடை விழும் குளத்தில் மீனை மாற்றிப் பயனில்லை. கோவை நகரத்துக் குளங்களில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அங்கே முதலில் அடைக்க வேண்டியது சாக்கடை வாய். செம்மண் காட்டு ஓடையில் அடித்துவரும் களிமண் வேறு, கெண்டை கிளப்பும் சேறு வேறு. மழை முடிந்து சில வாரமாகியும் தெளியாவிட்டால்தான் மீனைச் சந்தேகப்பட வேண்டும். கெண்டை ஒன்றே குற்றவாளியும் அல்ல. ஜிலேபி குளத்தடியில் குழி பறித்து முட்டையிடும். வெதுவெதுப்பான நீரில் ஆண்டு முழுவதும் பெருகும். அமராவதி அணையில் வலைக்கு வருவதில் பெரும் பங்கு அதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-லேயே தடை செய்தாயிற்று. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோழிக்கடைக் கழிவைத் தின்று கொழுக்கும் மீன் அது.

இந்தத் தீனி விவகாரம் கொங்கு நாட்டில் தனிக் கவனத்துக்கு உரியது. கோழிப்பண்ணை நிறைந்த பகுதி இது; கோழி எரு மலிவு. மீன் குட்டையில் எருவைக் கொட்டினால் பாசி வளரும், பாசியிலிருந்து நுண்ணுயிர் வளரும், அதைத் தின்று மீன் வளரும். இது பாடப்புத்தகத்து முறைதான்; சொந்தக் காட்டில் வெட்டிய பண்ணைக் குட்டையில் அதைச் செய்பவரை யாரும் கேட்கப்போவதில்லை. ஊர்க் குளம் அப்படியல்ல. ஆடு மாடு அதில் குடிக்கிறது. நிலத்தடிக்கு இறங்கும் நீர் நாளைக்கு யாரோ ஒருவருடைய கிணறு. அத்திக்கடவுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, அதில் எருவைக் கரைத்துக் கீழே இறக்குவதற்கா இவ்வளவு செலவு?

"தண்ணி நின்னாப் போதுமுங்க, தெளிஞ்சா என்ன கலங்குனா என்ன, கிணறு ஊறுதல்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊறட்டும். ஆனால் பாசி முற்றிய குளத்தில் விடியற்காலையில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீனெல்லாம் செத்து மிதக்கும்போது அதே ஊர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு மனுக் கொடுக்கிறது. நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் நஞ்சு சுரக்கும், கால்நடைக்கு ஆகாது. பறவைகள் இன்னொரு சாட்சி. நாமக்கோழி நீர்ச்செடியைத் தின்பது. முக்குளிப்பான் தெளிந்த நீரில் கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மல்ஹர் ஏரி லட்சக்கணக்கில் வாத்துகள் இறங்கிய இடம். கெண்டை பெருகி அடிச்செடிகள் அழிந்தபின் அந்தக் கூட்டம் வெகுவாகக் குறைந்துபோனது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், காஷ்மீரின் தால் ஏரியில் 1950-களில் விட்ட கெண்டைக்குப் பிறகு அப்பகுதி மலைமீன்கள் ஒடுங்கியதைப் பார்க்கலாம்.

செடி பெருகிவிட்டது, புல் கெண்டையை விட்டால் தின்றுவிடும் என்று ஒரு யோசனை அவ்வப்போது வரும். ஆகாயத்தாமரையைப் புல் கெண்டை விரும்பித் தின்னாது. தின்பது தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும் அடிச்செடிகளைத்தான். தொல்லை தரும் செடியை விட்டுவிட்டு உதவும் செடியை அழிக்கும் ஆளைக் கூலிக்கு அமர்த்துவது போலத்தான் அது.

இப்போது அன்னூருக்கு வருகிறேன். பழைய நாளில் இங்கே மீன் கட்டுப்பாட்டை யாரும் திட்டமிடவில்லை. சித்திரை வெயில் பார்த்துக்கொண்டது. குளம் வறண்டால் சாதாக் கெண்டை செத்தது. விராலும் குரவையும் நாட்டுத் தேளியும் காற்றிலிருந்து மூச்சு வாங்கக் கூடியவை. ஈரச் சேற்றில் புதைந்து மழைவரை தாக்குப்பிடித்தன. காய்ந்த குளத்து வண்டலை விவசாயிகள் காட்டுக்கு அள்ளிப்போனார்கள். அதோடு பாஸ்பரஸும் கரையேறியது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி ஊத்தா போட்டு மீன் பிடிக்கும் திருவிழாவின் இன்னொரு பெயர், விஞ்ஞானிகள் மொழியில், முழு மீன் அகற்றல். அத்திக்கடவு நீர் ஆண்டுதோறும் வந்து வற்றாத குளங்கள் உருவானால் அந்தக் கோடைக் கட்டுப்பாடு போய்விடும். நல்லது நடக்கும்போது கூடவே வரும் செலவு இது.

ஆனால் திட்டமே மாற்றையும் கையில் கொடுத்திருக்கிறது. ஒன்றரை டி.எம்.சி. என்பது விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் நீரேற்றுவது. அது முடிந்தால் அடுத்த உபரிநீர்க் காலம் வரை குளம் தன் பாட்டுக்கு இறங்கும். எந்தக் குளத்துக்கு எப்போது விடுவது என்பதற்கு வால்வு இருக்கிறது. சீமையில் ஏரியை வறள வைக்க பம்ப் வைத்து இறைக்கிறார்கள். நாம் ஒரு பருவம் வால்வைத் திறக்காமல் இருந்தால் போதும். அன்னூர் வட்டாரத்துக் குளங்களை நான்கைந்து தொகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு தொகுதியை மட்டும் கோடையில் முழுதாக இறங்கவிட்டு, அந்தச் சமயத்தில் மீனைப் பூராவும் பிடித்து, வண்டலையும் எடுத்துவிடலாம். மற்றக் குளங்கள் நிறைந்தே இருக்கும். அறுபது வருடம் காத்திருந்து வாங்கிய தண்ணீரை வற்றவிடச் சொல்கிறாயா என்று கோபம் வரும், வர வேண்டியதுதான். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு தொகுதி, அதுவும் முன்கூட்டி ஊருக்குச் சொல்லி.

அடுத்தது ஏல நிபந்தனை. ஊர்க் குளத்தில் சாதாக் கெண்டை, புல் கெண்டை, ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக்கூடாது. எருவும் கோழிக்கழிவும் போடக்கூடாது. பிடித்த மீனை இனவாரியாக எடை போட்டு எழுதித் தர வேண்டும். சாதாக் கெண்டை வளர்க்க விரும்புபவருக்குப் பண்ணைக் குட்டை இருக்கிறது. குளத்தில் கட்லா, ரோகு, மிர்காலை அளவாக விடலாம். அவையும் இந்தப் பக்கத்து மீன்கள் அல்ல, கங்கைப் பக்கத்தவை. மிர்கால் அடியில் மேய்வது, கட்லா பாசியைத் தின்னும் நுண்ணுயிரைத் தின்பது. இரண்டும் அளவு மீறினால் கெடுதல்தான். ஆனால் தேங்கிய நீரில் இனம் பெருக்காததால் கணக்கு நம் கையில் நிற்கும். கூடவே விரால் குஞ்சு விட்டால், தப்பிய கெண்டைக் குஞ்சுகளை அது பார்த்துக்கொள்ளும். சந்தையில் விராலுக்குக் கெண்டையைவிட நல்ல விலை. மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குப் பவானிசாகரிலேயே ஒரு மையம் இருக்கிறது. விங்ராவில் செய்ததுபோல் அன்னூர்க் குளத்தின் ஓர் ஓரத்தைத் திரையிட்டுக் காட்டச் சொல்லலாம். தெளிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கயிற்றில் கட்டிய கறுப்பு வெள்ளைத் தட்டை இறக்கி, எத்தனை சென்டிமீட்டரில் மறைகிறது என்று வாரம் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளே குறிக்கலாம்.

சட்டத்துக்கும் குறைவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அயல் ஊடுருவி இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அது அன்னூர் வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏல நோட்டீசில் நான்கு வரி சேர்க்க ஊராட்சி ஒன்றியமும் நீர்வளத் துறையும் மனம் வைத்தால் போதும். சிக்கல், பொறுப்பு சிதறிக்கிடப்பதில் இருக்கிறது. பெரிய குளம் நீர்வளத் துறையுடையது, சின்னக் குளம் ஒன்றியத்துடையது, குஞ்சு கொடுப்பது மீன்துறை, சாக்கடை உள்ளாட்சியுடையது. நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏல நிபந்தனையை எழுதிய ஊர் இருந்தால் போய்ப் பார்க்க ஆசை.

நிபந்தனை போட்டால் ஏலத்தொகை குறையும், குத்தகைக்காரர்கள் ஒதுங்குவார்கள் என்பார்கள். குறையும், முதல் ஏலத்தில் ஆளே வராமலும் போகலாம். அப்படி வராத குளத்தை உள்ளூர் மீனவர் சங்கத்துக்கோ மகளிர் குழுவுக்கோ குறைந்த தொகைக்குக் கொடுத்து, கெண்டையைப் பிடித்து விற்றுக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கலாம். மீனை அகற்றும் கூலியும் அதிலேயே வந்துவிடும். ரூ.1,916 கோடியை 1,045 குளங்களுக்குப் பங்கிட்டால் ஒரு குளத்துக்கு ரூ.1.83 கோடி வருகிறது. அந்தப் பணத்துக்குப் பக்கத்தில் மீன்பாசி வரவை எழுதிப் பார்த்துவிட்டு அதிகாரிகள் அடுத்த ஏலத் தேதியைக் குறிக்கட்டும்.